தாமிரபரணி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாபநாசத்துக்கும் நவதிருப்பதிக்கும் வருகிற யாத்ரீகர்கள், லீவுக்கு ஊர் திரும்பும் சொந்தக்காரர்கள், திட்டக்கட்டுரை எழுதும் பள்ளிப் பிள்ளைகள் என்று பலரும் இந்த நதியைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் திருநெல்வேலிக்காரன். நதி விஷயத்தில் நடுநிலை எதிர்பார்க்க வேண்டாம். தகவல் சரியாக இருக்கும்.

தாமிரபரணி எங்கே பிறந்து எங்கே கடலில் சேர்கிறது?

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில், அகத்தியர் மலைத் தொகுதியில் இருக்கும் பொதிகையில் பிறக்கிறது. பாணதீர்த்தம் அருவியாக விழுந்து, காரையாறு அணையில் தேங்கி, பாபநாசத்தில் சமவெளியைத் தொடுகிறது. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, திருநெல்வேலி, முறப்பநாடு, ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, ஏரல், ஆத்தூர் வழியாக ஓடி, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. மொத்த நீளம் 130 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. காலையில் பாபநாசத்தில் குளித்துவிட்டு பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு முகத்துவாரத்தில் இருக்கலாம். மலையில் பிறந்து கடலில் முடியும்வரை தமிழ்நாட்டு எல்லைக்குள்ளேயே ஓடும் நதி இது. அதனால் காவிரிக்கு இருப்பதுபோல் பக்கத்து மாநிலத்தோடு பங்கீட்டு வழக்கு இதற்குக் கிடையாது. இங்கே நடக்கும் நல்லது கெட்டது எல்லாமே நம்முடைய கைவேலைதான்.

கிளை நதிகள் எவை?

காரையாறு, சேர்வலாறு இரண்டும் மலையிலேயே சேர்ந்துவிடும். கல்லிடைக்குறிச்சிப் பக்கம் மணிமுத்தாறும், திருப்புடைமருதூரில் கடனாநதியும், தருவைப் பக்கம் பச்சையாறும் வந்து சேரும். குற்றாலத்தில் விழுகிற தண்ணீர் சிற்றாறாகத் தென்காசி மாவட்டத்தைச் சுற்றிக்கொண்டு சீவலப்பேரியில் வந்து கலக்கிறது. குற்றாலத்தில் சீசன் என்றால் சீவலப்பேரிக்குக் கீழே இருப்பவர்களுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

வற்றாத ஜீவநதி என்கிறார்களே, அது எப்படி?

இரண்டு பருவமழையும் இதற்குக் கிடைக்கிறது. ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை மலையில் பெய்யும். அந்தத் தண்ணீரில் நடப்பது கார் என்னும் முதல் போக நெல் சாகுபடி. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும், அது பிசானம் என்னும் அடுத்த போகத்துக்கு. ஆனால் மழை பெய்வது மட்டும் காரணமென்றால், மழை நின்ற பத்தாம் நாள் ஆறு வறண்டிருக்கும். பொதிகையின் சோலைக்காடும் மலையுச்சிப் புல்வெளியும் மழையைப் பஞ்சுபோல உறிஞ்சி வைத்து, மாதக்கணக்கில் ஊற்றாகக் கசியவிடுகின்றன. அந்தக் காடு இன்று களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். 1988-ல் அப்படி அறிவித்தார்கள். புலியைக் காப்பாற்றப் போய் ஆற்றையும் காப்பாற்றிக்கொண்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தாமிரபரணியா, தாமிரவருணியா, பொருநையா? இலங்கைக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தம் உண்டா?

மூன்றும் வழக்கில் இருக்கின்றன. பொருநை பழைய தமிழ்ப் பெயர். சங்கப் பாட்டில் வரும் ஆன்பொருநை கரூர்ப் பக்கத்து அமராவதி; இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம். தாமிரம் கலந்த தண்ணீர் என்பதால் தாமிரபரணி என்று ஊரில் சொல்வார்கள். அகத்தியர் கமண்டலத்திலிருந்து வந்தது என்பது புராணம்.

இலங்கைக்குத் தம்பபண்ணி என்ற பழம்பெயர் உண்டு. கிரேக்கர்கள் அதைத்தான் தப்ரபேன் என்று எழுதினார்கள். அசோகரின் கல்வெட்டிலும் தம்பபண்ணி வருகிறது. அது தீவைக் குறிக்கிறதா, நம் ஆற்றைக் குறிக்கிறதா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். மன்னார் வளைகுடாவின் இரு கரையிலும் முத்துக்குளித்தவர்கள் ஒரே பெயரை வைத்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை. இந்த ஆற்றின் முகத்துவாரத்தில் பாண்டியரின் முத்துத் துறைமுகமாக இருந்த கொற்கை இப்போது கடலைவிட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே நிற்கிறது. ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல் கடலைத் தள்ளிவிட்டது.

ஏன் புனித நதி?

பாபநாசம் என்ற பெயரிலேயே பதில் இருக்கிறது. கரையோரம் சிவனுக்கு ஒன்பது கோயில்கள், நவகைலாயம். பெருமாளுக்கு ஒன்பது, நவதிருப்பதி. நம்மாழ்வார் பிறந்த ஆழ்வார்திருநகரி அதில் ஒன்று. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்கக் கூட்டம் கரைகொள்ளாது. குரு விருச்சிக ராசிக்கு வரும்போது, 12 ஆண்டுக்கு ஒருமுறை, இந்த நதிக்குப் புஷ்கரம் என்னும் நீராட்டு விழா. 2018 அக்டோபரில் வந்ததை 144 ஆண்டுக்கு ஒருமுறை வரும் மகா புஷ்கரம் என்று கொண்டாடினார்கள்.

சாமிக்கு முந்தியும் இந்தக் கரை புனிதமாகத்தான் இருந்திருக்கிறது. ஆதிச்சநல்லூரில் இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த பரம்பு, அதாவது மேட்டுநிலம், ஆற்றின் தென்கரையில்தான் இருக்கிறது. சிவகளையில் ஒரு தாழிக்குள் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று ஆய்வு சொன்னது. செத்தவர்களோடு நெல்லை வைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

அணை, அணைக்கட்டு: இரண்டும் ஒன்றா?

ஒன்றல்ல. அணை என்றால் மலையடியில் தண்ணீரைத் தேக்குவது. பாபநாசம் என்னும் காரையாறு 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பேப்பரைத் திறந்ததும் முதலில் பார்ப்பது இந்த மூன்று எண்களைத்தான். இரங்கல் விளம்பரம் அதற்குப் பிறகு.

அணைக்கட்டு என்பது ஆற்றுக்குக் குறுக்கே தாழ்வாகக் கட்டிய கல்லணை. தண்ணீரைத் தேக்காது, வாய்க்காலுக்குத் திருப்பிவிட்டு மிச்சத்தைத் தலைக்கு மேலே வழியவிடும். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என மேலிருந்து கீழாக எட்டு. முதல் ஏழும் பழைய மன்னர்கள் காலத்தவை. கடைசியானது மட்டும் வெள்ளைக்காரர்கள் 1870-களில் கட்டி முடித்தது. இந்த எட்டிலிருந்து பிரியும் வாய்க்கால்களும் அவை நிரப்பும் குளங்களும் சேர்ந்து ஏறத்தாழ 86,000 ஏக்கருக்குப் பாய்கின்றன.

பாபநாசத்தில் குளித்துவிட்டு உடுத்திய துணியை ஆற்றில் விடச் சொல்கிறார்கள். விடலாமா?

கூடாது. பரிகாரம் சொல்கிறவர் "பழைய துணியோட பாவமும் போயிரும்" என்பார். துணி எங்கும் போவதில்லை. ஒரு தை அமாவாசைக்கு மறுநாள், துணி அள்ளும் இளைஞர்களோடு நானும் இறங்கினேன். முழங்கால் ஆழத்தில் ஒரு பச்சைச் சேலை, கரையோர மருத மரத்தின் வேரில் சுற்றிக்கிடந்தது. இழுத்தால் வரவில்லை. மூன்று பேர் சேர்ந்து இழுத்தபோது சேலையோடு ஒரு வேட்டி, அதோடு ஒரு பேன்ட், அதற்குள் சேறு, சேற்றுக்குள் ஷாம்பு பாக்கெட் என்று கயிறுமாதிரி வந்துகொண்டே இருந்தது. நைலக்ஸும் பாலியஸ்டரும் மக்காது. எங்கள் ஆச்சி காலத்தில் விட்டது பருத்தி. அது மக்கிப் போனது. சடங்கு மாறவில்லை, துணி மாறிவிட்டது.

பாறை இடுக்கில் சிக்கிய துணியில் குளிக்கிறவர்கள் கால் மாட்டிக்கொள்வதும் உண்டு. பொரி போட்டால் மொய்க்கிற கோயில் மீன்களுக்கும் அதுதான் கதி. துணியைத் துவைத்து இல்லாதவருக்குக் கொடுங்கள். பாவம் எதில் தொலையும் என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. தண்ணீரில் தொலையவில்லை என்பதை மட்டும் கண்ணால் பார்த்தேன்.

சொரிமுத்து அய்யனார் கோயில் ஆடி அமாவாசைத் திருவிழாவுக்குக் கட்டுப்பாடு விதிக்கிறார்களே, அது நியாயமா?

கோயில் இருப்பது புலிகள் காப்பகத்துக்குள், ஆற்றங்கரையில். குடும்பத்தோடு குடில் போட்டு நாள்கணக்கில் தங்குவது பழைய வழக்கம். அன்று மாட்டுவண்டியில் வந்த கூட்டமும் இன்று வேனில் வருகிற கூட்டமும் ஒன்றல்ல. நாள்களைக் குறைத்ததும் பிளாஸ்டிக்கைச் சோதனைச்சாவடியில் பிடுங்குவதும் சரிதான் என்பது என் கட்சி. என் சித்தப்பா மாதிரி ஆட்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆற்றுத் தண்ணீரை அப்படியே குடிக்கலாமா?

மலையில் குடித்திருக்கிறேன். ஊருக்குள் குடிக்க மாட்டேன்.

கொஞ்சம் விளக்கமாக?

2018-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் மாசடைந்த நதிப்பகுதிகளைப் பட்டியல் போட்டபோது, தமிழ்நாட்டிலிருந்து காவிரி, பவானி, சரபங்கா, திருமணிமுத்தாறு, வசிஷ்ட நதி ஆகியவற்றோடு தாமிரபரணியும் அதில் வந்தது. அளவுகோல் எளிது. கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் தண்ணீரிலிருந்து எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன என்று பார்ப்பார்கள். லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டினால் பட்டியலில் பெயர் ஏறும்.

காரணம் பெரும்பாலும் சாக்கடை. திருநெல்வேலி ஊருக்குள் குறுக்குத்துறையில் தொடங்கி கொக்கிரகுளம் வரை நடந்து பாருங்கள். படித்துறைக்குப் பக்கத்திலேயே கருத்த ஓடை ஒன்று சத்தமில்லாமல் வந்து சேரும். சேருகிற இடத்தில் தண்ணீர் இரண்டு நிறமாகப் பத்தடிக்கு ஓடி, பிறகு ஒன்றாகிவிடும். அதற்குக் கீழே ஒருவர் முங்கி எழுந்து சூரியனைக் கும்பிடுவார். ஆற்றோரத்து ஊர்கள் எல்லாவற்றிலும் இதே காட்சிதான், அளவுதான் வேறு. வழக்குகள் நடந்தன. 2024 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதிகள் இருவர் நேரிலேயே வந்து கரையோரம் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அல்வா ருசிக்குத் தாமிரபரணித் தண்ணீர்தான் காரணம் என்று பெருமை பேசுகிற ஊர் இது. அந்தத் தண்ணீரில் என்ன கலக்கிறது என்று அல்வாக்கடை வரிசையில் நிற்கும்போது நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

மணல் அள்ளுவதால் ஆற்றுக்கு என்ன கேடு? வெள்ளம் வந்தால் மறுபடி மணல் வந்துவிடாதா?

என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்தின் முக்கியமான கேள்வி இதுதான். அணையில் எத்தனை அடி தண்ணீர் என்று கேட்கிற அக்கறையில் கால்வாசிகூட ஆற்றுப்படுகையில் எத்தனை அடி மணல் என்பதில் நமக்கு இருந்ததில்லை.

மணல் என்பது ஆற்றின் இரண்டாவது அணை. மேலே ஓடுகிற தண்ணீர் கண்ணுக்குத் தெரியும். மணலுக்குள் ஓடுவது தெரியாது. கோடையில் ஆறு காய்ந்தாலும், கையால் ஓரடி தோண்டி ஊற்று எடுத்துக் குடித்தவர்கள் ஏரல் பக்கம் இன்றும் இருக்கிறார்கள். அந்த ஊற்றை நம்பித்தான் ஆற்றுக்குள் உறைகிணறு இறக்கிக் குடிநீர்த் திட்டங்கள் போட்டார்கள். திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்களோடு விருதுநகர் மாவட்டத்தின் சில ஊர்களுக்கும் போவது இந்தத் தண்ணீர். மணலை அள்ள அள்ளப் படுகை இறங்கியது. உறைகிணறு ஆற்றுக்கு நடுவில் புகைபோக்கிமாதிரி தனியே நிற்பதைச் சீவலப்பேரிக்குக் கீழே பார்த்திருக்கிறேன். கிணறு வளரவில்லை, ஆறு தாழ்ந்துவிட்டது.

படுகை தாழ்ந்தால் வாய்க்கால் தலைமதகு மேலே நின்றுவிடும்; தண்ணீர் ஏறாது. பாலத்தின் தூண் அடி தெரியும். கரைக் கிணறுகளின் நீர்மட்டம் ஆற்றை நோக்கி இறங்கும். முகத்துவாரத்தில் கடல்நீர் உள்ளே நுழையும். வெள்ளம் மணலைக் கொண்டுவரும் என்பது பாதி உண்மை. மேலே பெரிய அணைகள் வந்தபிறகு, மலையிலிருந்து இறங்குகிற மணலில் பெரும்பங்கு அணைக்குள்ளேயே படிந்துவிடுகிறது. லாரி கொண்டுபோகிற வேகத்தில் எந்த ஆறும் மணல் செய்வதில்லை.

ஸ்ரீவைகுண்டத்துக்காரரான பொதுவுடைமைத் தலைவர் இரா. நல்லகண்ணு இதற்காக நீதிமன்றம் போனார். 2010-ல் மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் அள்ள ஐந்தாண்டுத் தடை விதித்தது. ஆனாலும் இரவில் டிராக்டர் ஓடியது. 2023 ஏப்ரலில், மணல் கடத்தலைப் பற்றிப் புகார் கொடுத்த முறப்பநாட்டுக் கிராம நிர்வாக அலுவலர் ஒருவர் பட்டப்பகலில் தன் அலுவலகத்திலேயே வெட்டப்பட்டு உயிரிழந்தார். முறப்பநாட்டில் ஆறு தெற்கிலிருந்து வடக்காகத் திரும்பி ஓடும். அதனால் தட்சிண கங்கை என்று அங்கே விசேஷமாகக் குளிக்க வருவார்கள். இரண்டும் ஒரே ஊர்தான்.

ஆலைகளுக்குத் தண்ணீர் கொடுப்பது பிரச்சினையா?

கங்கைகொண்டான் சிப்காட்டில் குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் கொடுப்பதை எதிர்த்து 2016-ல் பெரிய போராட்டம் நடந்தது. நவம்பரில் மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. 2017 மார்ச்சில் அந்த வழக்குகளைத் தள்ளுபடி செய்தது. ஸ்ரீவைகுண்டத்திலிருந்து தூத்துக்குடி ஆலைகளுக்கு எடுக்கும் 20 எம்.ஜி.டி. (நாளுக்கு 20 மில்லியன் கேலன்) திட்டத்தைப் பற்றியும் கடைமடை விவசாயிகள் நெடுங்காலமாகக் கேட்கிறார்கள். மழை நன்றாகப் பெய்த ஆண்டில் இது பேச்சாகவே இருக்காது. பெய்யாத ஆண்டில் பயிருக்கா, குடிக்கவா, ஆலைக்கா என்ற வரிசை யார் சொல்வது என்பதில்தான் சண்டை. பயிர் கருகும்போது ஆலைக் குழாயில் தண்ணீர் ஓடினால் எந்தச் சம்சாரிக்கும் வயிறு எரியும்.

வற்றாத நதி என்றால் கடைமடையில் ஏன் தண்ணீர்ப் பஞ்சம்?

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்குப் பின்னால் நூறாண்டுக்கு மேற்பட்ட வண்டல் படிந்து, அமலைச்செடியும் சீமைக்கருவேலமும் முளைத்துத் திட்டாகிக் கிடந்தது. தேக்க இடமில்லாத தண்ணீர் மழைக்காலத்தில் கடலுக்குப் போய்விடும். கோடையில் வாய்க்காலில் வராது. தூர்வாரச் சொல்லி 2015-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. வாரினார்கள். வாரியது வண்டலா மணலா என்று அதிலும் ஒரு தகராறு வந்தது.

விளைவைப் பார்க்க ஆத்தூருக்குப் போகவேண்டும். ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அகத்தி நிழலில் படரும் கொடிக்கு நாள் தவறாமல் நல்ல தண்ணீர் வேண்டும். கொஞ்சம் உப்பேறினாலும் இலை சிறுத்து, காரம் மாறி, சீக்கிரம் வாடிவிடும். கொடிக்கால் வைத்திருக்கும் ஒருவர் கிணற்றுத் தண்ணீரை உள்ளங்கையில் அள்ளி நுனிநாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது போன வருசத் தண்ணி இல்ல" என்றார். ஆய்வுக்கூடத்துக்கு அவர் போகவேண்டிய அவசியமில்லை.

2023 டிசம்பர் வெள்ளத்தில் அணைகள் ஏன் காப்பாற்றவில்லை?

மழை மிக அதிகமாகப் பெய்த இடம் அணைக்கு மேலே அல்ல, கீழே. டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 94 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. திருச்செந்தூர், ஸ்ரீவைகுண்டம் வட்டாரங்களிலும் அறுபதைத் தாண்டியது. ஓராண்டு மழை ஒரு நாளில். சமவெளியில் பெய்யும் மழையைப் பிடித்துவைக்க மலையணையால் ஆகாது. அது குளங்களின் வேலை. குளங்கள் தூர்ந்தும் சுருங்கியும் இருந்தன, கரைகள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தன. ஆற்றில் வினாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கும் மேல் போனது. ஏரல் துண்டானது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸில் வந்த நூற்றுக்கணக்கானவர்கள் தண்ணீருக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள். அந்த ஊர் மக்கள்தான் அரிசி தேடிப்பிடித்துக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார்கள்.

குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளம் வந்தால் உற்சவரை மேலக்கோயிலுக்குத் தூக்கிப்போய்விடுவார்கள். மூலவர் தண்ணீருக்குள் நிற்பார். நீரைப் பிளந்து விலக்கப் படகின் முனைபோல் கட்டிய சுவர் இருப்பதால் கோயிலுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆறு எவ்வளவு அகலம் கேட்கும் என்று தெரிந்து கட்டியவர்கள் அவர்கள். பிற்காலத்தில் ஆற்றோரம் வீடு கட்டிய நமக்கு அது தெரியவில்லை, அல்லது தெரிந்தும் மனை மலிவாகக் கிடைத்தது.

கடலுக்குப் போகும் வெள்ளத்தை வறண்ட பகுதிக்குத் திருப்ப முடியாதா?

தாமிரபரணி–கருமேனியாறு–நம்பியாறு இணைப்புத் திட்டம் அதற்குத்தான். கன்னடியன் கால்வாயிலிருந்து உபரி வெள்ளத்தை எடுத்து, நாங்குநேரி, திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துச் செம்மணல் தேரிக்காடு வரை கொண்டுபோவது. 2009-ல் தொடங்கியது, 2025-ல்தான் பயன்பாட்டுக்கு வந்தது. அந்தப் பக்கத்துக் குளங்களுக்கு இது பெரிய காரியம். ஆனால் கடலுக்குப் போகிற தண்ணீர் எல்லாமே வீண் என்ற பேச்சை நான் ஏற்கமாட்டேன். நன்னீர் போய்ச் சேராவிட்டால் புன்னைக்காயல் முகத்துவாரத்தில் அலையாத்தியும் இல்லை, இறாலும் இல்லை. உப்பைப் பின்னுக்குத் தள்ளவும் ஆளில்லை.

மாஞ்சோலைக்கும் ஆற்றுக்கும் என்ன தொடர்பு?

மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டங்கள் மணிமுத்தாற்றின் நீர்ப்பிடிப்பில் இருக்கின்றன. சிங்கம்பட்டி ஜமீன் கொடுத்த 99 ஆண்டுக் குத்தகை 2028-ல் முடிகிறது. நிலம் காட்டோடு சேர்வது ஆற்றுக்கு நல்லது. நாலு தலைமுறையாக அங்கே கொழுந்து பறித்தவர்களுக்கு அது வேறு கணக்கு. கூலி உயர்வு கேட்டு அந்தத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் ஊர்வலம் போனவர்களில் 17 பேர், 1999 ஜூலை 23 அன்று போலீஸ் தடியடியில் கொக்கிரகுளத்தில் ஆற்றுக்குள் ஓடி உயிர்விட்டார்கள். ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் அங்கே தண்ணீரில் பூ மிதக்கும்.

ஒருநாள்தான் இருக்கிறது. ஆற்றை எங்கே போய்ப் பார்ப்பது?

எல்லோரும் பாபநாசம் போவார்கள். நீங்கள் திருப்புடைமருதூர் போங்கள். வீரவநல்லூரிலிருந்து கொஞ்ச தூரம். கடனாநதி வந்து சேரும் இடத்தில் நாறும்பூநாதர் கோயில். கோபுரத்துக்குள் பழைய சுவரோவியங்கள் உண்டு. கரையில் பெருத்த மருத மரங்கள், அவற்றில் கொக்கும் நாரையும் கூடுகட்டும். ஊர்க்காரர்களே பறவைகளைக் காத்துவந்ததால் 2005-ல் இந்தியாவின் முதல் பாதுகாப்புக் காப்பிடமாக (கன்சர்வேஷன் ரிசர்வ்) இதை அறிவித்தார்கள். ஜனவரி வாக்கில் போனால் குஞ்சுகளின் சத்தத்தில் பேசுவது கேட்காது. மரத்தடியில் நிற்கும்போது தலையில் துண்டு போட்டுக்கொள்ளுங்கள். சோப்பு கொண்டுபோகாதீர்கள்.